ஒரு புண், அந்தப் புண்

வெளிநாட்டில் வேலை தேடும் தாதிகளுக்கென்று ஓர் ஆங்கிலப் பரீட்சை இருக்கிறது. கேட்பது, வாசிப்பது, பேசுவது, எழுதுவது என்று நான்கு பகுதி. நான்கிலும் தேறினால்தான் அடுத்த படி. முதல் தடவை நான் மூன்றில் தேறிவிட்டேன். எழுதுவதில் மட்டும் விழுந்துவிட்டேன்.

முடிவு கைப்பேசிக்கு வந்தபோது, காலை ஷிஃப்டுக்காரர்களிடம் வார்டை ஒப்படைத்துவிட்டு மோட்டார் நிறுத்துமிடத்துக்கு வந்திருந்தேன். ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டே அதைப் படித்தேன். வருத்தம் வந்ததா என்றால் இல்லை. கால் வலிதான் வந்தது. அத்தனை நேரம் நின்றிருந்தது அப்போதுதான் கால்களுக்குத் தெரிந்ததுபோல் இருந்தது. மாசாயில் இருக்கும் வீட்டுக்கு வண்டியை விட்டேன். எதிரே பாசிர் கூடாங் தொழிற்சாலைகளுக்குப் போகும் மோட்டார்கள் விடாமல் வந்துகொண்டிருந்தன. அவர்கள் வேலைக்குப் போகிறார்கள், நான் வேலையிலிருந்து வருகிறேன். எல்லார் முகமும் ஒரே மாதிரிதான் இருந்தது.

அயர்லாந்துக்குப் போகலாம் என்ற எண்ணம் எனக்குத் தானாக வந்ததல்ல. என்னோடு அதே வார்டில் வேலை செய்த, என்னைவிட வயதில் இளைய தாதி ஒருத்தி அங்கே போயிருந்தாள். போன கொஞ்ச நாளில் கூப்பிட்டாள். குளிரைப் பற்றிச் சொன்னாள், பஸ்ஸைப் பற்றிச் சொன்னாள். பிறகு, "அக்கா, இங்க சாப்பாட்டு நேரம்னா உக்காந்து சாப்பிடலாம்க்கா" என்றாள். சம்பளத்தைப் பற்றியும் ஏதோ சொல்லியிருப்பாள், அது எனக்கு நினைவில்லை. இது மட்டும்தான் நினைவிருக்கிறது. அந்த நேரம் நான் மருந்து அறையில் அலமாரிக் கதவில் சாய்ந்து நின்று பிஸ்கட்டை மென்றுகொண்டிருந்தேன்.

என் மகள் அப்போது பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவம் படித்துக்கொண்டிருந்தாள். சிங்கப்பூர் டிவி, கைப்பேசி, பள்ளிக்கூடம் என்று எங்கிருந்தெல்லாமோ அவளுக்கு ஆங்கிலம் ஒட்டிக்கொண்டுவிட்டது. நான் எழுதிப் பழகிய கடிதங்களை அவளிடம் காட்டினேன். அவள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, மீ கோரெங் நூடுல்ஸைக் கரண்டியால் கிளறிக்கொண்டே படித்தாள்.

"ம்மா, இது வாட்சாப் மெசேஜ் மாதிரி இருக்கும்மா. the எல்லாம் எங்க?"

"எங்க போடணும்?"

அவள் கரண்டியின் நுனியால் தொட்டுக் காட்டினாள். "இங்க the. இங்க a. இங்க the. இங்க ஒண்ணும் வேணாம்."

"அங்க மட்டும் ஏன் வேணாம்?"

யோசித்தாள். இன்னொரு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். "தெரியலம்மா. போட்டா கேக்க ஒரு மாதிரி இருக்கு."

"ஒரு மாதிரின்னா?"

"ஒரு மாதிரிதான் லா."

அவளைக் குறை சொல்ல முடியாது. நான் பேசும் தமிழில் ஏன் இங்கே 'ஆல்' வந்தது, அங்கே 'ஓடு' வந்தது என்று கேட்டால் நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் பரீட்சைக்கு என் காது உதவாது. என் காதுக்கு the இருந்தாலும் சரிதான், இல்லாவிட்டாலும் சரிதான்.

பாலோ பக்கத்தில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் படித்தவள் நான். அங்கே a என்றால் 'ஒரு', the என்றால் 'அந்த' என்று கரும்பலகையில் எழுதிப்போட்டுக் கூட்டமாகச் சொல்ல வைத்தார்கள். கொஞ்ச நாள் அது சரியாகத்தான் இருந்தது. பிறகு பாடப்புத்தகத்தில் சூரியன் வந்தது. the sun. எங்கள் வகுப்பில் ஒருத்தி எழுந்து, "அந்தச் சூரியன்னா எந்தச் சூரியன் சார்?" என்று கேட்டாள். வாத்தியார் உட்காரச் சொல்லிவிட்டார். அந்தக் கேள்வி அங்கேயே நின்றுவிட்டது. அதற்குப் பிறகு மலாய் வந்தது. அதிலும் இந்தத் தொல்லை கிடையாது. இடைநிலைப்பள்ளி, தாதிப் பயிற்சி எல்லாவற்றிலும் ஆங்கிலத்தை எப்படியோ தாண்டி வந்துவிட்டேன்.

வேலைக்கு வந்த பிறகு நிலைமை இன்னும் மோசம். நோயாளியின் கோப்பில் நாங்கள் எழுதுவது ஆங்கிலம்தான், ஆனால் அதில் யாரும் முழு வாக்கியம் எழுதமாட்டார்கள். BP taken. Doctor informed. Dressing done. நேரம் இல்லை, இடமும் இல்லை. the என்ற மூன்று எழுத்தை எழுதும் நேரத்தில் அடுத்த மணி அடித்துவிடும். இருபது வருஷத்துக்கு மேல் இப்படி எழுதியே என் கை பழகிவிட்டது. இதில் வேடிக்கை என்னவென்றால், பரீட்சையில் கொடுப்பதும் அதே மாதிரிக் குறிப்புகள்தான். ஒரு நோயாளியைப் பற்றி வெட்டு வெட்டாகக் குறிப்பு தருவார்கள். அதை வைத்து இன்னொரு மருத்துவருக்கோ தாதிக்கோ முழுக் கடிதம் எழுத வேண்டும். நான் அந்தக் குறிப்பை அப்படியே இன்னொரு தாளில் பெயர்த்து எழுதிவிட்டு வந்திருக்கிறேன்.

மாசாயில் மோட்டார் பழுது பார்க்கும் கடைக்கு மேல்மாடியில் சனிக்கிழமைகளில் இந்தப் பரீட்சைக்கு ஒரு வகுப்பு நடந்தது. சேர்ந்தேன். சொல்லிக்கொடுத்த டீச்சருக்கு என் வயதுதான் இருக்கும். வாரம் முழுக்க சிங்கப்பூரில் ஒரு டியூஷன் சென்டரில் வேலை, சனிக்கிழமை இங்கே, ஞாயிறு காலையில் தேவாலயத்தில் பாட்டுக் குழு. வகுப்புக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, பாதத்தை மேசைக் கம்பியின் மேல் வைத்துக்கொள்வார். நாங்கள் ஏழெட்டுப் பேர், எல்லாரும் தாதிகள். பாதிப் பேர் இரவு ஷிஃப்ட் முடித்து நேராக வந்தவர்கள். கீழே யாராவது எஞ்சினை முறுக்கிச் சோதிக்கும்போது டீச்சர் பேச்சை நிறுத்திக்கொள்வார். அந்த இடைவெளியில் யாராவது ஒருவர் தூங்கிவிடுவார்.

"உங்களுக்கு இது வரலன்னா அது உங்க தப்பு இல்ல. இது கொஞ்சம் நியாயம் இல்லாத சமாச்சாரம்தான்" என்றுதான் முதல் வகுப்பையே ஆரம்பித்தார். "முப்பது விதி புக்குல இருக்கும். அத மனப்பாடம் பண்ணாதீங்க. ஒரே ஒரு கேள்வி கேளுங்க. படிக்கறவங்களுக்கு நீங்க எதச் சொல்றீங்கன்னு தெரியுமா, தெரியாதா? தெரியும்னா the. தெரியாதுன்னா a."

"படிக்கறவங்களுக்கு என்ன தெரியும்னு எனக்கு எப்படி டீச்சர் தெரியும்?" என்று கேட்டேன்.

"அதான் கஷ்டம். நம்ம எழுதறப்போ நமக்கு எல்லாமே தெரிஞ்ச சாமான் மாதிரி இருக்கும். எதிர்ல இருக்கறவங்க தலைக்குள்ள ஒரு தடவ போய்ப் பாத்துட்டு வரணும். முதல் தடவ சொல்றப்போ அவங்களுக்குத் தெரியாது, அதனால a wound. அடுத்த வரியில தெரிஞ்சுபோச்சு, the wound. சூரியன் ஒண்ணுதான் இருக்கு, எல்லாருக்கும் தெரியும், முதல்லயே the."

தோட்டப்பள்ளியில் உட்கார வைக்கப்பட்ட அந்தப் பெண்ணுக்கு இதை யாராவது சொல்லியிருக்கலாம்.

ஆனால் புரிந்ததும் உடனே கைக்கு வந்துவிடவில்லை. an எங்கே என்பதே ஒரு சனிக்கிழமையைத் தின்றது. எழுத்தைப் பார்க்காதே, சத்தத்தைக் கேள் என்றார். ulcer என்பது u-வில் ஆரம்பிக்கிறது, அதற்கு an. urine test-உம் u-தான், ஆனால் வாய் 'யு' என்று போகிறது, அதற்கு a. எக்ஸ்ரே x-இல் ஆரம்பித்தாலும் 'எ' என்றுதான் வாய் திறக்கிறது, அதனால் an. எங்களுக்கு வார்டில் தினமும் புழங்கும் சொற்களாகவே எடுத்துச் சொன்னார். நோயின் பெயருக்கு முன்னால் பெரும்பாலும் ஒன்றும் வராது. நீரிழிவுக்கு வராது, நிமோனியாவுக்கு வராது. ஆனால் காய்ச்சலுக்கும் இருமலுக்கும் தலைவலிக்கும் a வரும். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, கேட்கத் தெம்பில்லை.

ஒரு நாள் hospital பற்றிப் பேச்சு வந்தது. "பிரிட்டிஷ் வழக்குல, நோயாளி in hospital. நீங்க in the hospital. அவரு அங்க வைத்தியத்துக்காகப் படுத்திருக்காரு, அதுக்கு the வேணாம். நீங்க அந்தக் கட்டடத்துல வேலை பாக்கறீங்க, அதுக்கு the வேணும்."

பின்வரிசையில் இருந்த ஓர் ஆண் தாதி தலையைத் தூக்காமலே, "அப்ப நம்ம படுத்தாதான் the நம்மள விடும் போல டீச்சர்" என்றார். எல்லாரும் சிரித்தோம். டீச்சரும் சிரித்தார். சிரித்து முடித்ததும் இன்னும் அசதியாக இருந்தது.

இரண்டாவது பரீட்சைக்கு முன்னால் ஒருநாள் மத்தியானம் என் கணவரிடம் பேசினேன். அவர் பாசிர் கூடாங்கில் ஒரு செம்பனை எண்ணெய்த் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். அவருக்கும் ஷிஃப்ட். ஒரே வீட்டில் இருந்தாலும், கதவருகே ஒருவர் செருப்பைக் கழற்றும்போது மற்றவர் மாட்டிக்கொண்டிருப்போம். அன்று அதிசயமாக இருவரும் வீட்டில் இருந்தோம். அவர் மின்விசிறியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பாஸாயிட்டா போயிடணும்" என்றேன்.

"போ."

"உங்களுக்கு ஒண்ணும் இல்லையா?"

"எனக்கு என்ன? புள்ள பெரிசாயிட்டா. நான் கடையில சாப்டுக்குவேன்." துடைத்த இறக்கையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நீ போனா கொஞ்சம் ரெஸ்ட் எடுப்பேன்னு தோணுது. இங்க இருந்தா எடுக்கமாட்டே."

நான் துணி மடித்தேன்.

அந்தச் சமயத்தில்தான் பாலோவிலிருந்து ஒரு பெரியவரைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். பக்கவாதம் வந்து வெகுநாளாகப் படுக்கையில் இருந்தவர். இப்போது நெஞ்சில் சளி கட்டியிருந்தது. கூட வந்தது அவருடைய மகள். பாலர் பள்ளி ஆசிரியை, நாற்பதுக்குப் பக்கத்தில் இருக்கும். அப்பாவைப் பார்த்துக்கொள்ள அவர் ஒருவர்தான். சேர்க்கையைப் பதிந்தது நான். பெரியவரைப் புரட்டிப் பார்த்தபோது முதுகின் அடியில், வால் எலும்புக்கு மேல், ஒரு படுக்கைப்புண் இருந்தது. மகள் உடனே அப்பாவின் காலுறையைக் கழற்றி இடது குதிகாலையும் காட்டினார்.

"இங்கயும் இருக்கு மிஸ்ஸி. சின்னதுதான். ஆனா பாத்துக்குங்க, அவருக்கு வலி தெரியாது."

இரண்டையும் அளந்து, இரண்டையும் சேர்க்கைத் தாளில் எழுதினேன். பிறகு பரீட்சைக்காகச் சில நாள் விடுப்பில் போனேன்.

இரண்டாவது பரீட்சையில் நான் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிட்டேன். விட்டுவிடுவோமோ என்ற பயத்தில் கண்ட இடத்திலெல்லாம் the போட்டேன். நீரிழிவுக்கும் போட்டேன். நேரம் முடிந்தபிறகு வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தபோதுதான் எங்கெங்கே போட்டேன் என்பது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. முடிவு வருமுன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

விடுப்பு முடிந்து வார்டுக்குத் திரும்பிய காலை, பெரியவரின் கட்டிலருகே அவர் மகள் நின்றுகொண்டிருந்தார். கையில் காலுறை இருந்தது. நான் கிட்டே போனதும் வாடையே சொல்லிவிட்டது.

குதிகாலில் இருந்தது நான் கடைசியாகப் பார்த்த சின்னப் புண் அல்ல. கறுத்து, ஓரம் நெகிழ்ந்திருந்தது.

"எந்தப் புண்ணுக்கு மிஸ்ஸி கட்டு மாத்துனாங்க?" என்று கேட்டார். குரலை உயர்த்தவில்லை.

கோப்பைப் புரட்டினேன். நான் இல்லாத நாட்களில் ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஒரே வரி. Dressing done. கையெழுத்து மட்டும் வேறு வேறு. முதல் நாள் முதுகுப் புண்ணுக்கு மருந்து வைத்த தாதி அப்படி எழுதியிருக்கிறாள். அடுத்தவள் அதைப் படித்துவிட்டு, கட்டு என்றால் முதுகில் இருப்பது என்று எடுத்துக்கொண்டாள். மூன்றாமவள் குதிகாலையும் முந்தைய ஷிஃப்டில் பார்த்திருப்பார்கள் என்று நினைத்தாள். யாரும் பொய் எழுதவில்லை. யாரும் வேலை செய்யாமல் இருக்கவில்லை. ஆளில்லாத வார்டில் புதிதாக வந்த பெண்கள் ஓடி ஓடித்தான் வேலை செய்திருக்கிறார்கள். காலுறைக்குள் இருந்தது மட்டும் யார் தலைக்குள்ளும் இல்லாமல் போய்விட்டது.

மருத்துவரைக் கூப்பிட்டேன். அன்றே அறுவை மருத்துவரும் வந்து செத்த சதையை வெட்டி எடுத்தார். பெரியவருக்கு வலி தெரியாது என்று மகள் சொன்னது உண்மைதான். ஆனாலும் அவர் கண் எங்களையே ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு என் ஒவ்வொரு ஷிஃப்டிலும் நானே இரண்டு கட்டுகளையும் மாற்றினேன். சிறிசுகளிடம், எந்த இடம் என்று எழுதாமல் கட்டு என்று எழுதாதீர்கள் என்று சொன்னேன். திட்டவில்லை. அதில் ஒருத்தி கழிவறையில் அழுதுவிட்டு வந்திருந்தாள், முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

நாட்கள் போய், சளி இறங்கி, குதிகாலிலும் சிவந்த சதை எழும்ப ஆரம்பித்தது. வீட்டுக்கு அனுப்பலாம் என்றார்கள். அவர்கள் ஊர்ப் பக்கத்து அரசாங்க கிளினிக்கில் தொடர்ந்து கட்டு மாற்ற வேண்டும். அதற்கு அங்குள்ள தாதிக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். பரீட்சையில் கேட்கிற அதே மாதிரிக் கடிதம். நான் எழுதினேன். எழுதி முடித்து சிஸ்டரிடம் கொடுத்தேன்.

எங்கள் வார்டின் சிஸ்டர், அதாவது தலைமைத் தாதி, மலாய்க்காரர். ஓய்வு பெறப் போகிறவர். நாங்கள் மலாயில்தான் பேசிக்கொள்வோம். அவர் கடிதத்தைப் படித்து, ஒரு வரியைப் பேனாவால் அடித்து, மேலே வேறு எழுதித் திருப்பிக் கொடுத்தார். நான் எழுதியிருந்தது: The wound on the left heel, present on admission, was not dressed for several days. அவர் மாற்றியிருந்தது: A wound was noted on the left heel.

இதே வித்தியாசத்தை ஆறு மாதத்துக்கு முன்னால் காட்டியிருந்தால் எனக்குக் கண்ணில் பட்டிருக்காது.

"சிஸ்டர், a போட்டா அந்தப் புண்ணு இப்பதான் தெரிஞ்சதுன்னு ஆயிடும்" என்றேன்.

"புண்ணு இருந்துச்சா? இருந்துச்சு. பாத்தோமா? பாத்தோம். இதுல பொய் எங்க இருக்கு?"

"பொய் இல்ல. ஆனா வந்த அன்னிக்கே அவங்க மகள் காட்டுனாங்க. நான்தான் பதிஞ்சேன். நமக்கு முன்னாடியே தெரியும்."

"ஒரு எழுத்துக்காகவா இப்படி நிக்கறீங்க?"

எங்கள் இருவருடைய மொழியிலும் இல்லாத ஒன்றுக்காக நாங்கள் மலாயில் வாதாடிக்கொண்டிருந்தோம். சிஸ்டர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றி மூக்கைத் தேய்த்துக்கொண்டார்.

"அந்தப் பிள்ளைங்க எல்லாம் புதுசு. ஏற்கனவே விசாரணைன்னு பயந்துபோயிருக்காங்க. வேலைய விட்டுப் போனா அடுத்த மாசம் ஷிஃப்ட யார் பாப்பா? நீங்களும் பரீட்சை எழுதறீங்க. போயிடுவீங்க."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நடந்ததைப் பற்றித் தனியாக ஓர் அறிக்கை ஏற்கனவே மேலே போயிருந்தது, அதை அவர்தான் எழுதி அனுப்பியிருந்தார், எதையும் மறைக்கவில்லை. இந்தக் கடிதம் மட்டும் வெளியே போகிறது. என்னால் அதற்குமேல் நிற்க முடியவில்லை. சரி சிஸ்டர், உங்கள் இஷ்டம் என்று சொல்லிவிட்டுப் போயிருப்பேன், வார்த்தை நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் காலுறையைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற அந்தப் பெண்ணின் முகம் போகவில்லை.

"கட்டு மாத்தலங்கறத எடுத்துடுங்க. the wound, present on admission. அது மட்டும் இருக்கட்டும்" என்றேன்.

சிஸ்டர் என்னைப் பார்த்தார். பிறகு தன் வரியை அடித்துவிட்டு, பாதியாக்கிய என் வரியை மறுபடி எழுதினார். "டைப் பண்ணுங்க" என்றார். மருத்துவர் படிக்காமல் கையெழுத்திட்டார்.

வீட்டுக்குப் போகும் காலையில், மகள் கடிதத்தை உறையிலிருந்து எடுத்து நின்றபடியே படித்தார். பெரியவர் சக்கர நாற்காலியில் இருந்தார். அவர் மடியில் மருந்துப் பை இருந்தது.

"மிஸ்ஸி, இதுல சேக்கும்போதே குதிகால்ல புண்ணு இருந்துச்சுன்னு போட்டிருக்கு."

"ஆமா."

"அப்ப நான் காட்டுனேன்."

"காட்டுனீங்க. நான்தான் எழுதுனேன்."

அவர் அந்த வரியை இன்னொரு தடவை படித்தார். "அன்னிக்கு டாக்டர் வந்து, 'இங்க ஒரு புண்ணு இருக்கே'ன்னு சொன்னாரு. எல்லாரும் அப்பதான் பாக்கற மாதிரி பேசுனாங்க. எனக்கே சந்தேகம் வந்துடுச்சு மிஸ்ஸி. காட்டுனேனா, இல்ல காட்டணும்னு நெனச்சு மறந்துட்டேனான்னு. அதுல இருந்து தூக்கமே இல்ல."

நான் நாற்காலியின் பிரேக்கைத் தளர்த்தினேன். மன்னிப்புக் கேட்டேன். அது என் தவறா இன்னொருத்தியின் தவறா என்று பிரிக்காமல், வார்டுக்காகக் கேட்டேன். அவர் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. கடிதத்தை மடித்து உறையில் வைத்து, உறையை ஹேண்ட்பேக்கின் உள்பையில் வைத்து ஜிப்பை இழுத்தார். "சரி மிஸ்ஸி" என்றார். லிஃப்ட் வரை நான் தள்ளிக்கொண்டு போனேன்.

இரண்டு வாரம் கழித்து அந்த கிளினிக்கிலிருந்து ஒரு தாதி போன் செய்தாள். நான் பயந்துகொண்டே எடுத்தேன். எந்தக் களிம்பு, எங்கே கிடைக்கும் என்று மட்டும் கேட்டாள். புண் எப்படி என்று கேட்டேன். "குதிகாலா? சின்னதாயிடுச்சு. மூடிக்கிட்டு வருது" என்றாள். முதுகுதான் இன்னும் ஆறவில்லையாம்.

மூன்றாவது தடவை தேறிவிட்டேன். அந்தப் பெரியவரால் தேறினேன் என்று சொன்னால் கதை அழகாக இருக்கும், ஆனால் அப்படி இல்லை. பரீட்சையில் வந்தது ஆஸ்துமா உள்ள ஒரு சிறுமியைப் பற்றிய கடிதம். புண்ணே இல்லை. டீச்சர் ஒவ்வொரு சனிக்கிழமையும் என் கடிதத்தை எடுத்து ஒவ்வொரு பெயர்ச்சொல்லின் மேலும் விரலை வைத்து, "தெரியுமா? தெரியாதா?" என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் அந்தக் கேள்வி என் கைக்குள்ளேயே போய்விட்டது. அவரிடம் முடிவைக் காட்டினேன். "நல்லது. இனிமே சனிக்கிழமை தூங்குங்க" என்றார்.

வேலைக்கான நேர்காணல் வீடியோவில் நடந்தது. இரண்டு வெள்ளைக்காரப் பெண்கள், அன்பாகப் பேசினார்கள். வேலையும் கிடைத்தது. அந்தச் செய்தியைப் படித்துவிட்டு நான் என்ன செய்தேன் என்றால், படுக்கையறைத் திரையை இழுத்துவிட்டுப் படுத்தேன். அன்று எனக்கு ஓய்வு நாள். மகள் தட்டி எழுப்பும்வரை தூங்கினேன். எழுந்து காப்பி கலக்கும்போது, ஒரு புது நாட்டுக்குப் போய் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பிக்க என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை என்று தோன்றியது. எனக்கு வேண்டியிருந்தது உட்கார்ந்து சாப்பிடுவது. அதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டுமா என்று அன்றுதான் கேட்டுக்கொண்டேன். ஒரு வருஷத்துக்கு மேல் அதைக் கேட்டுக்கொள்ளக்கூட எனக்கு நேரம் இருக்கவில்லை.

அயர்லாந்து போன தோழியைக் கூப்பிட்டு, நான் வரவில்லை என்று சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். "உங்க இடத்துல நான் இருந்தாலும் யோசிப்பேன்க்கா. இங்க உக்காந்து சாப்பிடலாம்தான். ஆனா தனியாத்தான் சாப்பிடணும்" என்றாள்.

மகள்தான் கோபப்பட்டாள். "அப்ப இவ்ளோ நாள் எதுக்கும்மா படிச்சே? நான் எத்தன லெட்டர் திருத்திக் கொடுத்தேன்?" அவள் சொன்னதும் சரிதான். சொந்தக்காரர்களும் ஆளுக்கொன்று சொன்னார்கள். கிடைத்ததை யாராவது விடுவார்களா என்றார்கள். நான் சிஸ்டரிடம் போய், வார்டிலிருந்து பகல்நேரச் சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றல் கேட்டேன். அங்கே இரவு ஷிஃப்ட் கிடையாது, கூடுதல் பணமும் கிடையாது. சிஸ்டர் விண்ணப்பத்தைப் படித்தார். ஆங்கிலத்தில்தான் எழுதியிருந்தேன். "இதுல ஒரு தப்பும் இல்ல" என்று மட்டும் சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

இப்போது அங்கேதான் இருக்கிறேன். வருகிறவர்களுக்கு ஊசி, கட்டு, மருந்து, விளக்கம். வேலை குறைவு என்று சொல்லமாட்டேன். வெளிச்சத்தில் போய் வெளிச்சத்தில் வருகிறேன், அவ்வளவுதான். உடம்பு இன்னும் நம்பவில்லை, சில நாள் சாயங்காலம் ஆனதும் கை தானாகவே சீருடையைத் தேடுகிறது.

மாற்றலாகி வந்த முதல் வாரத்தில் என் கணவருக்கும் காலை ஷிஃப்ட். இருவரும் சாயங்காலம் வீட்டில் இருந்தோம். இது எங்களுக்குப் பழக்கமில்லை. அவர் டிவியைப் போட்டார், அணைத்தார். நான் துணி காய்ந்துவிட்டதா என்று பார்த்தேன், காயவில்லை. மகள் டியூஷனுக்குப் போயிருந்தாள். சோபாவின் இரண்டு ஓரத்திலும் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தோம்.

"மாமாக் கடைக்குப் போலாமா?" என்றார்.

"சமைச்சிருக்கேனே."

"அது நாளைக்கு ஆகும்."

அவர் வண்டியிலேயே போனோம். அந்தத் தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையின் டிவியில் பந்து ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது, வேலைவிட்டு வந்த பையன்கள் தொழிற்சாலைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில் ஒரு மேசை கிடைத்தது. தே தாரிக் டீ இரண்டு, ரொட்டி சானாய் பரோட்டா இரண்டு சொன்னார். ரொட்டி வரும்வரை அவர் கைப்பேசியைப் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. ரொட்டி சூடாக வந்தது. நான் மெதுவாகப் பிய்த்துச் சாப்பிட்டேன். பருப்புக் குழம்பு இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லிக் கேட்டேன்.